நல்ல காது

எங்கள் தெருவில் அவரிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்.

பட்டுத் தெரிந்துகொண்ட வழக்கம் அது. ஒரு தடவை குடியாத்தத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். அவருடைய அடுத்த வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கிற பேச்சு. வந்த இடத்தில் அக்கம்பக்கம் விசாரிப்பது உண்டுதானே. வாசலில் உட்கார்ந்து வண்டிக் குதிரைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தவரிடம் பெண்ணின் மாமன் போய் நின்றான்.

"பையன் எப்படிங்க?"

"நல்லவன். வேலைக்கு ஒழுங்கா போவான்."

மாமன் அதோடு போயிருக்கலாம். "குடிப்பானா?" என்று இன்னொன்று கேட்டான்.

"குடிப்பான்."

"ஜாஸ்தியா?"

அவர் ஊசியை நிறுத்தி யோசித்தார். "கையில இருக்கற வரைக்கும்" என்றார்.

வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலேறிவிட்டார்கள். பையனின் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "உனக்கு இன்னா கேடு வந்துச்சு? ரெண்டு நாழி வாயை மூடிக்கினு இருந்தா உசிரு போயிடுமா?"

"கேட்டாங்க" என்றார். திட்டு முடிகிறவரை குனிந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ஊசியை எடுத்தார்.

அவர் கோள் சொல்கிற ஆள் இல்லை. அதையும் எழுதவேண்டும். தானாக ஒருத்தரைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பார்த்ததெல்லாம் உள்ளே கிடக்கும். கேள்வி போட்டால்தான் வெளியே வரும். வந்தால் முழுசாக வரும்.

ஊரில் பஸ்ராக்காரர் என்றால் தெரியும். வெள்ளைக்காரன் சண்டைக்கு வேலூரில் ஆள் எடுத்தபோது கப்பலேறி பஸ்ராவுக்குப் போனவர். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. பட்டாளத்துக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற வேலை. பெயர் இருந்தது. இங்கே வேண்டாம்.

இடது காதை பஸ்ராவிலேயே விட்டுவிட்டு வந்தார். பீரங்கி பக்கத்தில் வெடித்து, அந்தக் காது கேட்காமல் போனதாம். அதனால் யாராவது வாயைத் திறந்தால் தலையை இடது பக்கம் திருப்பி வலது காதைக் கொடுப்பார். கோழி தலையைச் சாய்த்துப் பார்க்குமே, அந்த மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் சிரிப்பார்கள். கேள்வி முழுதும் அந்தக் காதில் விழுந்த பிறகுதான் பதில் வரும். "நல்ல காதுல சொல்லு" என்பார். அது ஒன்றுதான் அவர் மற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஒரு நாள் பொழுது போகாமல் நான் கேட்டேன். "ஏண்ணா, அந்தச் சண்டையில குதிரைங்க எவ்ளோ செத்திருக்கும்?"

காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு குதிரையாகச் சொன்னார். இது சிவப்பு, நெற்றியில் வெள்ளை, வயிற்றில் பட்டது. இது கிழடு, தாகத்தில் போனது. இதற்குச் சேணத்தை அவிழ்க்கும்போது உயிர் இருந்தது. பொழுது சாய்கிறவரை சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் எழுந்து போக வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பஸ்ராவைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

அவர் வீட்டு அம்மா ஒரு தடவை என் மனைவியிடம் சொன்னாளாம். "கண்ணாலம் கட்டிக்கினு இத்தினி வருசமாச்சு. கொழம்பு எப்படி இருக்குதுன்னு ஒரு நாள் நான் கேட்டதில்ல. கேட்டா அது சொல்லிடும்."

இப்போது என் விஷயம். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் இருந்தேன். தோல் பதம் போடுகிற இடத்தை அங்கே ஷாப்பு என்றுதான் சொல்வது. பத்து வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றேன். இரண்டு காலும் வெந்து, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, நடக்க முடியாமல் போனது. முதலாளி பார்த்தார். குழியிலிருந்து எடுத்து வீட்டோடு வைத்துக்கொண்டார். அவருடைய துப்பாக்கியைத் துடைக்கவேண்டும். மெட்ராசுக்குப் போய்ச் சாமான் வாங்கி வரவேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. இதிலிருந்து தள்ளினால் திரும்பவும் குழிதான். குழியில் நிற்க எனக்குக் கால் இல்லை. வீட்டில் ஐந்து பேர் சாப்பிடவேண்டும்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஐந்து வேளை தொழுகிறவர். ஒல்லி உடம்பு. மெட்ராசிலிருந்து சரக்கு எடுக்க வருகிற துரைக்குத் துப்பாக்கிப் பைத்தியம். துரையோடு ஆற்றில் நின்று சுட்டால் சரக்குப் பேச்சு சுலபமாக முடியும் என்று முதலாளியும் ஒரு சீமைத் துப்பாக்கி வாங்கினார். பட்சி சுடுகிறது இல்லை. மண் தட்டு. ஒரு வில் இயந்திரத்தில் தட்டை வைத்து இழுத்து விட்டால் அது வானத்தில் சுழன்று போகும். போகிறபோது சுட்டு உடைக்கவேண்டும். சீமைத் தட்டு ரயிலில் வரும்போதே பாதி உடைந்துவிடும். அதனால் நம் குயவர் ஒருவரிடம் செய்யச் சொன்னோம். அவர் நல்ல மனுஷன், உடையக் கூடாதே என்று கெட்டியாகச் சுட்டுக் கொடுத்துவிட்டார். குண்டு பட்டாலும் அது பாட்டுக்குப் பறந்து போய் மணலில் முழுசாக விழும். உடைவதற்காகத்தான் செய்வது என்று அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலாற்று மணலில் நடக்கும். துரை சுட்டால் தட்டு தூளாகும். முதலாளி சுட்டால் பாதி நாள் முழுசாக விழும். சுட்டுவிட்டுத் திரும்பி, "பட்டுச்சா?" என்பார்.

"பட்டுச்சு மொதலாளி. ஓரத்துல பட்டுச்சு" என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொல்வேன்.

ஒரு ஞாயிறு பஸ்ராக்காரர் அங்கே இருந்தார். குதிரை வண்டியின் வார் அறுந்து, அதைத் தைக்கக் கூப்பிட்டிருந்தது. முதலாளி சுட்டார். திரும்பினார். அன்றைக்கு அவர் கண் பஸ்ராக்காரர் மேல் போய் நின்றது.

"இன்னா, பட்டுச்சா?"

அவர் தலையைத் திருப்பிக் காதைக் கொடுத்தார். "படல" என்றார்.

முதலாளி துப்பாக்கியை இறக்கினார்.

"ஏன் படல?"

"விசையை இழுக்கறதுக்கு முன்னவே மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க. துப்பாக்கிக் கட்டை தோள்ல அடிக்குதுன்னு பயம். பயந்தா குழல் நகந்துடும்."

முதலாளி சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைப் பார்த்தார். நாகப்பழம் மாதிரி கன்றிக் கிடந்தது. பிறகு சிரித்தார். "அரே, இத்தினி பேர் சோறு திங்கறீங்க. இவன் ஒருத்தன்தான் நிஜம் சொல்றான். இதுக்கு இன்னா பண்றது?"

"கட்டைக்குப் பின்னால ரப்பர் திண்டு வெக்கலாம். பட்டாளத்துல துரைங்க வெச்சிருந்தாங்க. அடியை அது வாங்கிக்கும்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பட்டதா படவில்லையா என்று சொல்ல. துரைக்கும் அவர் சொன்னால் சரி.

திண்டு வாங்க என்னை மெட்ராசுக்கு அனுப்பினார் முதலாளி. "ரப்பர் போட்டதுன்னு கேளு" என்றுதான் சொல்லி அனுப்பினார். துப்பாக்கிக் கடையில் இரண்டு தினுசு காட்டினார்கள். ஒன்று வெறும் ரப்பர். சிவப்பாக, செங்கல் துண்டு மாதிரி இருந்தது. இன்னொன்று ரப்பர் மேல் தோல் போர்த்தியது. தேன் நிறம், நல்ல பளபளப்பு. நான் தோல் ஊர்க்காரன். எங்கள் முதலாளியோ தோல் வியாபாரி. அவர் தோளுக்கு ரப்பரா என்று தோன்றியது. தோல் போட்டதை எடுத்துக்கொண்டேன். அது என்ன தோல் என்று கேட்கவில்லை.

முதலாளிக்குச் சந்தோஷம். கையில் வைத்துத் தடவினார். முகர்ந்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இத்தப் பாரு. இன்னா பதம், இன்னா மெருகு. நம்ம ஷாப்புல ஒருத்தனுக்கு இந்தக் கை வருமா?" என்றார். என்னைத் தட்டிக் கொடுத்தார்.

துப்பாக்கியையும் திண்டையும் பஸ்ராக்காரரிடம் கொண்டுபோனேன். திண்டைக் கையில் வாங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

நான்தான் கேட்டேன். "இன்னாண்ணா பாக்கற?"

"இது பன்னித் தோலு."

நான் திண்டைக் கையில் எடுத்தேன். "நெசமாவா?"

"மயிர்க்கால் பாரு. மூணு மூணா இருக்குது. ஆட்டுக்கு இப்படி வராது. துரைங்க சேணத்துல உக்கார்ற எடம் இதான். எத்தினி தைச்சிருக்கேன்."

பார்த்தேன். மூன்று மூன்றாகத்தான் இருந்தது. ஆம்பூரில் அந்தத் தோலை யாரும் தொடுவதில்லை. ஷாப்பில் வயசைக் கழித்தவனுக்கும் தெரியாது. முதலாளிக்கும் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் முகர்ந்திருந்தார். கன்னத்தில் வைத்திருந்தார். மேஸ்திரியிடம் காட்டியிருந்தார்.

"மொதலாளி கிட்ட சொல்லிடு" என்றார்.

"சொன்னா என்னைக் குழிக்கு அனுப்பிடுவாருண்ணா."

அவர் என் காலைப் பார்த்தார்.

"மேல் தோலை உரிச்சிட்டு ஆட்டுத்தோல் போட்டுத் தர்றேன். உள்ள இருக்கறது ரப்பர்தான்."

"யாரு கிட்டயும் சொல்லாதண்ணா."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

நான் எழுந்தேன். எழுந்தவன் அதோடு போகவில்லை. "கேட்டா?" என்றேன்.

"கேட்டா சொல்லித்தான் ஆவணும். அதுக்கு முன்ன நீ சொல்லிடு."

மூன்று நாள் அந்த வேலையைச் செய்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலாளியின் முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் நூல் பிடித்து அளவு எடுத்து வந்திருந்தார். திண்டு ஒரு அங்குலம் என்றால் கட்டையில் ஒரு அங்குலம் போகவேண்டும். இல்லாவிட்டால் நீளம் கூடி, தூக்கும்போது கக்கத்தில் மாட்டும். கட்டையைச் சுற்றிப் பசை தடவிய துணியை இறுக்கிச் சுற்றினார், மரம் சிலும்பாமல் இருக்க. பழைய சாய்வு மாறாமல் அறுத்தார். சாய்வு மாறினால் குழல் வானத்தைப் பார்க்கும், இல்லை மணலைப் பார்க்கும் என்றார். பழைய ஆணித் துளையை மரக்குச்சி அடித்து மூடினார். திண்டின் பன்றித் தோலை உரித்து அடுப்பில் போட்டார். எங்கள் ஷாப்பின் ஆட்டுத்தோல் ஒன்றை மெலிசாகச் சீவி, நனைத்து, இழுத்துப் போர்த்தினார். மடிப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. திருகாணியை முடுக்கும்போது தோல் கிழியக் கூடாதென்று முடுக்குகிற கம்பியில் கொழுப்புத் தடவிக்கொண்டார்.

அறுத்த மரத்துண்டைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "மொதலாளி மரம். கேட்டா குடு."

முதலாளி துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். தோல்காரர் கண் தப்புமா? "இது அந்தத் தோல் இல்லையே" என்றார்.

சொல்ல அதுதான் நேரம். நான் சொன்னது வேறு. "முடுக்கும்போது கிழிஞ்சிடுச்சாம் மொதலாளி. நம்ம ஆட்டுத்தோல் போட்டிருக்காரு."

"அவன் கையில கிழிஞ்சுதா?" என்று ஆச்சரியப்பட்டார். "போவட்டும். நம்ம சரக்கு. இதுவும் நல்லாத்தான் இருக்குது."

அந்தத் திண்டு வைத்த பிறகு முதலாளி முகத்தைத் திருப்பவில்லை. தட்டுகள் உடைந்தன. "பட்டுச்சா?" என்பார். "பட்டுச்சு" என்பார் பஸ்ராக்காரர். அவர் சொன்னால் முதலாளிக்கு முகம் மலரும். இரண்டு மாதம் இப்படிப் போனது. நானும் அங்கேதான் நின்றேன். சொல்ல ஒவ்வொரு ஞாயிறும் நேரம் இருந்தது.

ஒரு ஞாயிறு துரை அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். கேலி இல்லாமல் நல்ல மனசோடுதான் சொன்னார். "இந்தத் திண்டு எங்க ஊர்ல பன்னித் தோல்லதான் வரும். நீங்க தோலை மாத்திட்டீங்க. நல்ல வேலை."

பத்துப் பேர் இருந்தோம். மேஸ்திரியும் இருந்தார். அந்தத் தோலை முதலாளி மெச்சிக் காட்டியது அவரிடம்தான். அவர் குனிந்து மணலைப் பார்த்தார்.

முதலாளி பஸ்ராக்காரர் பக்கம் திரும்பினார். "வந்தப்போ அது பன்னித் தோலா?"

அவர் தலையைத் திருப்பி நல்ல காதைக் கொடுத்தார். "ஆமா மொதலாளி. உரிச்சிட்டு ஆட்டுத்தோல் போட்டேன்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

முதலாளி துப்பாக்கியை விரிப்பில் வைத்தார். மணலில் தோண்டிய ஊற்றுக்குப் போய்க் கையையும் கன்னத்தையும் கழுவினார். நிதானமாகக் கழுவினார். திரும்பி வந்தபோது குரல் ஏறவில்லை. "தொட்டதைக் கழுவிடலாம். அது பெரிசில்ல. இத்தினி நாளு என்னை முட்டாளா நிக்க வெச்சீங்களே, அத்த எங்க கழுவறது?"

பிறகு என்னைக் கை காட்டினார். "முடுக்கும்போது கிழிஞ்சிடுச்சுன்னு இவன் சொன்னான். இவனுக்குத் தெரியுமா?"

எனக்குக் கால் எரிந்தது. புண் ஆறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போது எரிந்தது.

பஸ்ராக்காரர் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பினார். எப்போதும் திருப்புகிற பக்கம் இல்லை. இடது காதை முதலாளிக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்னத்தான் கேக்கறேன். இவனுக்குத் தெரியுமா?"

அவர் அசையவில்லை.

வாய் என்னிடமும் இருந்தது. கேள்வி என்னைப் பற்றியது. நான் சொல்லியிருக்கலாம்.

பதில் வராததை முதலாளி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "இவனையும் ஏமாத்திட்டியா? மூஞ்சியக் காட்ட முடியல உனக்கு" என்றார். "போ. இனிமே நம்ம பக்கம் வராத."

அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்து போனார். வண்டியில் வந்தவர்.

பெரிய முதலாளி ஒருவர் விட்டுவிட்டால் மற்ற ஷாப்புகளும் விட்டுவிடும். மேஸ்திரி வாயில் கதை வளர்ந்தது. பன்றித் தோலை மறைத்தவன் என்று ஆனது. பன்றித் தோலைத் தைத்தவன் என்று ஆனது. வண்டி வாருக்குக்கூட யாரும் அவரிடம் போகவில்லை. மூன்று மாதம் பார்த்தார். அப்புறம் அவரும் அந்த அம்மாவும் கணியம்பாடிப் பக்கம் போய்விட்டார்கள். மாடு பூட்டிக் கவலை இறைக்கிற கிணறுகளுக்குத் தண்ணீர் மொள்ளும் தோல் சால் தைத்துப் பிழைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போகிற அன்றைக்கு அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. மெட்ராசில் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருக்கமாட்டேன்.

திண்டை முதலாளி பிடுங்கச் சொல்லிவிட்டார். கட்டை ஒரு அங்குலம் குட்டையாக நின்றது. அந்த மரத்துண்டு என்னிடம் இருந்தது. வேலூர் ஆசாரி ஒருவர் அதைத் திரும்ப ஒட்டிக் கொடுத்தார். சுமாரான வேலை. ஒட்டின இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. எண்ணெய் போட்டால் கறுத்து இன்னும் நன்றாகத் தெரியும். வாரம் ஒரு தடவை அந்தத் துப்பாக்கியைத் துடைத்தேன். பதினாறு வருஷம் துடைத்தேன். முதலாளி மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். "பட்டுச்சா?" என்பார். பட்டது என்போம். படவில்லை என்று சொல்ல அதற்குப் பிறகு ஆற்றில் ஆள் இல்லை.

சம்பந்தி வீட்டுக் காரியமாக ஒரு தடவை கணியம்பாடி போனேன். கேட்காமலே வீடு தெரிந்தது. வாசலில் தோல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து சால் தைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை தடவினார். அந்த அம்மா மோர் கொடுத்தாள். "கொழந்தைங்க நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவர் கேட்டால் சொல்லிவிடுவது என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத் தையல் முடிந்தது. ஊசியைக் கீழே வைத்தார்.

"கால் எப்படி இருக்குது?" என்றார்.

கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பி நல்ல காதை என் பக்கம் கொடுத்தார்.

"பரவால்லண்ணா" என்றேன்.

காதை எடுக்கவில்லை. நான் மோரைக் குடித்து முடித்தேன். பிறகு அவர் ஊசியை எடுத்தார்.